ஜாலிபீயா, தள்ளுவண்டியா? பிலிப்பைன்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்க வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள், டவாவோ மணிலாவோ எங்கே இறங்கினாலும், முதல் மாதத்தில் இரண்டில் ஒரு தப்பைச் செய்துவிடுகிறார்கள். ஏசி போட்ட கடைதான் சுத்தம் என்று மூன்று வேளையும் அங்கேயே கிடந்து மாதக் காசை இருபது நாளில் முடித்துவிடுவது ஒன்று. இன்னொன்று, வீடியோ பார்த்த வேகத்தில் வந்த அன்றைக்கே கோழிக்குடலையும் வாத்துக்கருவையும் தின்று பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் ஆளைக் காணோம் என்று தேட வைப்பது. நான் முதல் வகை. என் அறைத்தோழன் இரண்டாவது வகை. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் வயிறு கெட்டுப் படுத்தது நான்தான். காரணமும் தள்ளுவண்டி இல்லை, பளபளவென்றிருந்த ஒரு கடையில் வெகுநேரம் வெளியே கிடந்த மயோனைஸ்.

அதனால் எது சுத்தம், எது அழுக்கு என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் சாப்பிடத்தான் போகிறீர்கள். எதில் ஆரம்பிப்பது, எப்போது எதற்குப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லாவில் ஆரம்பித்துக் கரி அடுப்புக்குப் போங்கள் என்பேன். ஜாலிபீ மாதிரிப் பெரிய கடை அந்த ஊர் ருசியை நாக்குக்குப் பழக்கிவிடும், அங்கே நீங்கள் படம் பார்த்துக் கை காட்டினாலே போதும். தள்ளுவண்டிக்கு நாலு வார்த்தையும் சில்லறையும் கொஞ்சம் கூரான கண்ணும் வேண்டும்.

முதல் படி: ஜாலிபீயில் ஒரு வாரம்

ஜாலிபீ அந்த ஊரின் பெரிய துரித உணவுக் கடைத்தொடர். 1975-ல் டோனி டான் காக்டியோங் என்பவர் கேசோன் நகரத்தின் குபாவ் பகுதியில் ஐஸ்கிரீம் கடையாகத்தான் இதைத் தொடங்கினார். வந்தவர்கள் ஐஸ்கிரீமைவிடச் சூடான சாப்பாட்டைத்தான் அதிகம் கேட்டார்கள், அதனால் 1978-ல் ஜாலிபீ என்று மாறியது. 1981-ல் மெக்டொனால்ட்ஸ் மணிலாவுக்கு வந்தது, ஆனால் இங்கே சோறு போடாமல் பிழைக்க முடியாது என்று அவர்களும் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு இரண்டு கடையிலும் பொரித்த கோழியோடு, காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டி சோறு வரும். நமக்கு இது பெரிய ஆறுதல்.

போனவுடன் வாங்க வேண்டியது சிக்கன்ஜாய் என்கிற பொரித்த கோழி, ஒரு துண்டு, சோற்றோடு. இதற்கு நூறு பெசோவை ஒட்டி ஆகும். கூட ஒரு சின்னக் கிண்ணத்தில் பழுப்பு நிற கிரேவி தருவார்கள். அதைக் கோழிக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் என்று நினைத்து நான் ஒரு மாதம் வெறும் சோற்றை மென்றிருக்கிறேன். சோற்றின் மேலேயே ஊற்றிப் பிசைந்துகொள்ளுங்கள், பக்கத்து மேசையில் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்பூனும் முள்கரண்டியும் தருவார்கள். கையால் சாப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்த நாள் ஸ்பகெட்டி. இது இனிக்கும், சும்மா லேசாக இல்லை, நன்றாகவே இனிக்கும். மேலே சிவப்பு ஹாட்டாக் வில்லைகள், துருவிய சீஸ். முதல் வாயில் யாரோ கேசரியில் நூடுல்ஸைக் கலந்துவிட்டார்கள் என்று தோன்றும். அந்த இனிப்பு பனானா கெட்சப் வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தக்காளி கிடைக்காமல் வாழைப்பழத்தில் கெட்சப் செய்தார்கள். மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானியின் பெயரை அதற்குச் சொல்வார்கள். போர் முடிந்து தக்காளி வந்தபிறகும் நாக்கு பழைய ருசியை விடவில்லை. தள்ளுவண்டிச் சாஸும் இந்த இனிப்பிலேதான் இருக்கும் என்பதால் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனம்: யம்பர்கர், பர்கர் ஸ்டேக் இரண்டும் மாடு. ஸ்பகெட்டியில் எந்த இறைச்சி என்று கேட்காமல் வாங்காதீர்கள். பலாபோக் என்று மஞ்சளாக ஒரு நூடுல்ஸ் இருக்கிறது, அதில் இறாலும் பன்றித்தோல் பொரியும் வரும்.

பணம் கொடுத்ததும் சில கிளைகளில் ஒரு எண் பலகையைக் கையில் தருவார்கள், அதை மேசையில் வைத்துவிட்டு உட்காருங்கள், சாப்பாடு தேடி வரும். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்கச் சொல்லும் பலகையும் சில இடங்களில் இருக்கும். விலையில் வரி அடக்கம், பட்டியலில் உள்ளதுதான் கொடுக்க வேண்டியது. தண்ணீர் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இரண்டாம் படி: மாங் இனசால்

தள்ளுவண்டிக்குப் போகுமுன் இங்கே கட்டாயம் போங்கள். நெகரோஸ் தீவின் பகோலோட் நகரத்தில் சாலையோரம் சுட்டு விற்கிற கோழிக்குப் பேர் இனசால். வினிகர், கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை, எலுமிச்சைப்புல் எல்லாம் போட்டு ஊறவைத்து, அச்சுவேட்டே விதையின் சிவப்பு எண்ணெயைத் தடவிக் கரியில் சுடுவார்கள். 2003-ல் பக்கத்து ஊரான இலோய்லோவில் எட்கர் சியா என்பவர் அதைக் கொண்டுபோய்ச் சுவருக்குள்ளே வைத்து, கல்லாவும் பட்டியலும் போட்டு மாங் இனசால் என்று பெயரும் வைத்தார். 2010-ல் ஜாலிபீ அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. தெருவில் இருந்ததுதான் கடைக்குள் போயிருக்கிறது, அதனால் தெருவுக்குப் பயிற்சி எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கே மூன்று விஷயம் கற்றுக்கொள்வீர்கள். சாஸை நீங்களேதான் கலக்க வேண்டும்: சோயா சாஸ், வினிகர், கலமான்சி, மிளகாய். இதற்கு சவ்சவான் என்று பேர், ஆளுக்கு ஆள் அளவு மாறும். காரம் தேடி அலைகிற நமக்கு இந்தச் சின்ன மிளகாய் போதும், நன்றாகவே உறைக்கும். அடுத்தது சிக்கன் ஆயில் என்ற சிவப்பு எண்ணெய், மேசையிலேயே பாட்டிலில் இருக்கும், சோற்றில் நெய் மாதிரி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது, அன்லி ரைஸ். அந்த வகைச் சாப்பாட்டை வாங்கினால் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள். 2017-ல் ஒரு செனட்டர் இந்த அளவில்லாச் சோறு உடம்புக்கு நல்லதில்லை என்று பேசப்போய், ஊரே கொதித்தெழுந்து, கடைசியில் அவர் தடை எதுவும் கொண்டுவரப் போவதில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. சோறு விஷயத்தில் அவர்கள் நம்ம ஆட்கள்தான்.

நடுவில் ஒரு இடம்: கரிந்தேரியா

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊர் மெஸ் போல, கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்தாறு பாத்திரம், திறந்து பார்த்துவிட்டு இது, அது என்று விரல் காட்டினால் தட்டில் வைப்பார்கள். அதனாலேயே இதற்குத் துரோ-துரோ, அதாவது சுட்டிக்காட்டு-சுட்டிக்காட்டு, என்றும் பேர். தினமும் சாப்பிடக் கட்டுப்படியாகும் இடம் இதுதான், ஜாலிபீ இல்லை. மணிலாவின் மகாத்தியில் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே தகரப் பெட்டிக் கடைகள் வரிசையாக நிற்கும், மதியம் டை கட்டினவர்கள் அங்கேதான் சாப்பாடு வாங்குவார்கள். அந்தக் கடைகளுக்கு ஊர் வைத்த பேர் ஜாலிஜீப், ஜாலிபீயையும், ஜீப்னி என்கிற அந்த ஊர் ஷேர் வண்டியையும் ஒட்டிவைத்த கிண்டல்.

கரே-கரே என்று ஒன்றைப் பார்த்தால் நம்ம கறியாச்சே என்று பாய வேண்டாம். 1762-ல் பிரிட்டிஷார் மதராஸிலிருந்து படை அனுப்பி மணிலாவைப் பிடித்தபோது கூடப் போன சிப்பாய்களில் சிலர் கைன்டா என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள், அவர்களுடைய கறிதான் கரே-கரே ஆயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் மாட்டுவால், வேர்க்கடலைக் குழம்பில்.

மூன்றாம் படி: வார்த்தையும் சில்லறையும்

தள்ளுவண்டியில் ஆங்கிலம் ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'பபிலி போ' என்று ஆரம்பித்தால் முகமே மாறும். வாங்க வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அந்த 'போ' கோயம்புத்தூர்க்காரர் போடுகிற 'ங்க' மாதிரி, எதன் பின்னாலும் ஒட்டும். விற்பவர் ஆணாக இருந்தால் 'குயா', பெண்ணாக இருந்தால் 'ஆத்தே', நம் அண்ணன் அக்காதான். வயதானவர் என்றால் 'மனோங்', 'மனாங்'. எவ்வளவு என்பதற்கு 'மக்கானோ'. டவாவிலும் செபுவிலும் பேசுவது பிசாயா, அங்கே 'தக்பிலா' என்று கேட்டால் ஒன்று என்ன விலை என்று சொல்வார்கள்.

பதில் வரும்போதுதான் புதியவர்கள் முழிப்பார்கள். எண்ணிக்கையை இசா, தலவா, தத்லோ என்று உள்ளூர் மொழியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆனால் விலை மட்டும் பெரும்பாலும் ஸ்பானிஷில் வரும்: சிங்கோ (5), டியெஸ் (10), கின்சே (15), பெய்ன்டே (20), சிங்க்வென்டா (50). முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட மிச்சம். இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தால் போதும்.

இறைச்சி தெரிய: மனோக் கோழி, பபோய் பன்றி, பாக்கா மாடு. 'பபோய் பா இதோ?' என்றால் இது பன்றியா என்று கேட்கிறீர்கள். பதிலுக்கு அவர் வாயே திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம், உங்களை முறைக்கவில்லை. இது தெரியாமல் ஒரு பையன் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் புருவத்தைப் பார்த்துவிட்டு, சரி, பன்றி இல்லை போல என்று சாப்பிட்டே விட்டான்.

காசுக்கு வருவோம். பெரிய கடையில் அட்டை, ஜிகேஷ் என்கிற போன் வழிப் பணம் எல்லாம் ஓடும். வண்டிகளிலும் இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது, ஆனாலும் எல்லாரிடமும் இல்லை. ஆயிரம் பெசோ நோட்டை மீன் உருண்டைக்காரரிடம் நீட்டாதீர்கள், அவர் உங்களைச் சபிப்பார். 5, 10, 20 பெசோ நாணயங்களை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பெரிய நோட்டை மாற்றத்தான் ஜாலிபீ இருக்கிறதே.

நான்காம் படி: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரம் வேண்டாம், இரண்டு நிமிஷம் ஓரமாக நின்று பாருங்கள். எண்ணெய் என்ன நிறம்? தேன் நிறம் என்றால் சரி, டிகாக்ஷன் நிறம் என்றால் நடையைக் கட்டுங்கள். பொரித்துக் குவித்து வைத்ததை எடுத்துத் தருகிறாரா, கேட்டபிறகு மறுபடி சூடு காட்டித் தருகிறாரா? பச்சை இறைச்சிக் குச்சிகளையும் சுட்டதையும் ஒரே தட்டில் வைக்கிறாரா? கழுவுகிற வாளித் தண்ணீர் எப்படி இருக்கிறது? கஞ்சிக் கடைகளில் தட்டின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி அதில் ஊற்றித் தருவதைப் பார்த்து அருவருக்க வேண்டாம், தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதான் சுத்தமான வழி.

கூட்டத்தையும் பாருங்கள், ஆனால் எந்தக் கூட்டம் என்றும் பாருங்கள். சீருடைப் பள்ளிப் பிள்ளைகளும் நர்சுகளும் தினமும் நிற்கிற வண்டி வேறு, சுற்றுலா வந்தவர்கள் போன் வைத்துப் படம் பிடிக்கிற வண்டி வேறு. முதல் வகையில் ஏமாற்றினால் மறுநாள் வியாபாரம் போய்விடும். வாடிக்கையாளருக்கு இவர்கள் சொல்லும் வார்த்தை 'சுக்கி'. ஒரே வண்டிக்கு நாலு நாள் போங்கள், ஐந்தாம் நாள் நீங்களும் சுக்கி, ஒரு உருண்டை கூடவே விழும்.

ஐந்தாம் படி: எந்த வரிசையில் சாப்பிடுவது

சாதுவானதிலிருந்து ஆரம்பியுங்கள். காலையில் தோளில் காவடி மாதிரி இரண்டு அலுமினிய வாளியைத் தூக்கிக்கொண்டு 'தஹோ...' என்று இழுத்துக் கூவிக்கொண்டு போவார்கள். சூடான சோயாப்பால் திரட்டு, மேலே சர்க்கரைப் பாகு, ஜவ்வரிசி. சைவம், விலை குறைவு, உங்கள் சொந்த டம்ளரை நீட்டினாலும் ஊற்றுவார். மாலை மூன்று மணிக்கு மேல் பனானா கியூ: சபா வாழைப்பழத்தைப் பழுப்புச் சர்க்கரையோடு பொரித்துக் குச்சியில் குத்தித் தருவது. அதே பழத்தைப் பலாச்சுளைக் கீற்றோடு மெல்லிய மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்தால் துரோன். சுத்த சைவமாக இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் தள்ளுவண்டிதான் ஜாலிபீயைவிட மேல்: இவை தவிர அவித்த சோளம், சோள மணியில் தேங்காய்த் துருவல் போட்ட பினத்தோக், இவையெல்லாம் தெருவில்தான் கிடைக்கும். பச்சை மாங்காயை இறால் விழுதோடு விற்பார்கள், விழுது வேண்டாம் என்று சொன்னால் உப்பு தருவார்கள். அவர்கள் அதை 'மங்கா' என்கிறார்கள், மலாய் வழியாகப் போன நம்ம மாங்காய்தான்.

பள்ளி விடுகிற நேரத்துக்கு எண்ணெய்ச்சட்டி வண்டிகள் வரும். காடை முட்டையை ஆரஞ்சு மாவில் தோய்த்துப் பொரித்த க்வெக்-க்வெக் நம் முட்டை போண்டாவுக்குத் தம்பி, பயமில்லாமல் சாப்பிடலாம். பக்கத்திலேயே மீன் உருண்டை, மீன் விழுதை நீளமாக உருட்டிய கிகியாம். இங்கே சட்டம் என்னவென்றால், குச்சியை எடுத்துக் கொதிக்கிற சட்டியிலிருந்து நீங்களே குத்தி எடுக்க வேண்டும், எத்தனை சாப்பிட்டீர்கள் என்று நீங்களேதான் எண்ணிச் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் 'இலான்?' என்று கேட்பார், நீங்கள் சொல்கிற எண்ணை நம்புவார். கல்லாவும் ரசீதும் உள்ள கடையில் இந்த மரியாதை உங்களுக்குக் கிடைக்காது, எண்ணிக்கையில் விளையாடாதீர்கள். மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் 'துஸ்தாதோ போ' என்று சொல்லிக் காத்திருங்கள், வயிற்றுக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூன்று ஜாடி சாஸ் இருக்கும்: இனிப்பு, இனிப்பும் காரமும், வெங்காயம் போட்ட வினிகர். குச்சியை ஒரே ஒரு தடவை முக்கலாம். கடித்துவிட்டு மறுபடி முக்கினால் பின்னால் நிற்கிற பாட்டி திட்டுவார், நான் வாங்கியிருக்கிறேன். எல்லாரும் கடித்துக்கடித்து முக்குகிற ஜாடி என்றால் அந்த வண்டியே வேண்டாம். இப்போது பல வண்டிகளில் காகிதக் கிண்ணத்தில் கரண்டியால் ஊற்றித் தருகிறார்கள், அப்படிக் கேளுங்கள். மூன்றில் வினிகர்தான் என் தேர்வு, எண்ணெய்க்கு அது நல்ல எதிர்ப்பு.

பிறகு கரி அடுப்பு. இருட்டுகிற நேரத்தில் புகையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். இசாவ் என்பது குடல், கோழியிலும் உண்டு, பன்றியிலும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கோழிக்கால் அடிடாஸ், கோழித்தலை ஹெல்மெட், பன்றிக்காது வாக்மேன், சதுரமாக வெட்டிச் சுட்ட ரத்தம் பழைய வீடியோ கேசட் போல இருப்பதால் பெட்டாமேக்ஸ். இந்தப் பேர்களைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் ஒன்று வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை இசாவ் மட்டும் போதும், உள்ளே வழவழப்பாக இல்லாமல் ஓரம் கருகும்வரை சுடச் சொல்லுங்கள். மணிலாப் பக்கம் இருந்தால் டிலிமானிலுள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகம் இசாவுக்குப் பேர்போனது. டவாவ் இருக்கிற தெற்குத் தீவான மிந்தனாவில் இருந்தால் ப்ரோபென்: கோழி இரைப்பையின் ஒரு பகுதியை மாவில் புரட்டிப் பொரித்தது, வினிகரோடு நன்றாக இருக்கும். செபுவில் லார்சியான் என்ற இடத்துக்குப் போனால் சுட்ட இறைச்சியோடு புசோ வரும், தென்னங்கீற்றுப் பொட்டலத்துக்குள்ளேயே வெந்த சோறு, கைக்குப் பிளாஸ்டிக் உறை தருவார்கள்.

எப்போது எதற்கு

மழை பிடித்தால் பேச்சே இல்லை, ஜாலிபீ. ஜூனிலிருந்து சில மாதங்களுக்கு மாலை மழையில் பாதி வண்டிகள் வராது. கழிப்பறை வேண்டும் என்றாலும் அதேதான், இங்கே அதற்கு சி.ஆர். என்று கேட்க வேண்டும். பரீட்சை நேரத்தில் நாலு பேர் உட்கார்ந்து படிக்க, பிறந்தநாளுக்கு ஆட்களைக் கூப்பிட, நடுராத்திரி பசிக்கு, எல்லாம் கடைதான். வகுப்பு முடிந்து ஹாஸ்டலுக்கு நடக்கிற பதினைந்து நிமிஷத்துக்கும் கையில் ஐம்பது பெசோ மட்டும் இருக்கிற நாளுக்கும் வண்டி. மறுநாள் பரீட்சை என்றால் புதிய வண்டி எதையும் சோதிக்காதீர்கள். முதல் மாதத்துக்கு அலமாரியில் நாலு ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும்.

பலூட் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சுமார் இரண்டரை வாரம் வளர்ந்த கருவோடு அவித்த வாத்து முட்டை, மணிலா அருகே பதேரோஸ் இதற்குப் பேர்போன ஊர். ராத்திரியில் கூடையோடு 'பலூட்... பெனோய்' என்று குரல் வரும். பெனோய் என்றால் கரு வளராத முட்டை, தைரியம் இல்லாதவர்கள் அதை வாங்குங்கள். பலூட் என்றால் அகலமான முனையில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, உள்ளே உள்ள சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டும், ருசி பாதிக்குமேல் அதில்தான். பிறகு முட்டையோட்டை உரித்து, உப்போ வினிகரோ விட்டு, இருட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், பார்த்துக்கொண்டே தின்ன வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு ஓரத்தில் ரப்பர் மாதிரி கெட்டியாக வெள்ளை ஒன்று இருக்கும், அதற்குப் 'பத்தோ', கல், என்றே பேர். அதை எறிந்துவிடலாம், அங்கேயும் பலர் எறிந்துவிடுகிறார்கள்.